மாவுத் தராசு

மூட்டை நிறுக்கும் தராசில்தான்
எங்களையும் நிறுத்துக்கொள்கிறோம்.
திங்கள் விடியல், மணி நாலு,
முதல் ரொட்டி அடுப்பேறிய பின்.
தோருன் நகரம் தூங்குகிறது.
விஸ்துலாவில் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று உரசும் சத்தம்
பின்கதவு வரைக்கும் வருகிறது.

நோட்டு என்னிடம்.
மாவுக்கணக்கு எழுதும் கை
ஆள்கணக்கும் எழுதட்டும் என்றார்கள்.
தலைக்கு ஐம்பது ஸ்லோட்டி,
காலி ஈஸ்ட் டப்பாவில்.
தவக்காலம் தொடங்குமுன்
யார் அதிகம் இளைக்கிறாரோ அவருக்கு.

கிராத்சியான் ரொட்டியை விட்டுவிட்டான்,
நாளுக்கு அறுநூறு ரொட்டி சுடுகிறவன்.
முட்டை, பன்றிக்கொழுப்பு, ஊறவைத்த ஹெர்ரிங் மீன்,
புளித்த பாலேடு கரண்டி கரண்டியாய்.
"மாவுதான் எதிரி" என்கிறான்
புருவம் வரைக்கும் மாவோடு.
முதல் வாரமே மூன்று கிலோ.
"அது வெறும் தண்ணீர்" என்றாள் யகோதா.
"போனது போனதுதானே" என்றான் இவன்.

யகோதா எண்ணுகிறவள்.
ஆப்பிளை நிறுப்பாள்,
தின்று முடித்துத் தண்டை நிறுத்துக் கழிப்பாள்.
கனவில் ஒருநாள் கேக் தின்றாளாம்,
எழுதுவதா வேண்டாமா என்று
எழுந்ததும் ஒரு கணம் யோசித்தாளாம்.
அவள் கணக்கில் பிழை கிடையாது.
வாரம் நானூறு கிராம்,
தவணை கட்டுவதுபோல.

போகுமில் நேரம் பார்த்துத் தின்பவர்.
எட்டு மணிநேரம் வாய் திறந்திருக்கும்,
பதினாறு மணிநேரம் கடையடைப்பு.
ஆனால் இரவு வேலைக்காரனுக்கு
நேற்று எப்போது முடிகிறது?
விடியலில் அவர் தின்பது
ராச்சாப்பாடா காலைச் சாப்பாடா என்று
அடுப்படியில் வழக்கு நடந்தது.
தீர்ப்பு வருவதற்குள்
சூப் ஆறிப்போயிற்று.

மதம் பரப்ப வந்தவர்கள் மாதிரி
ஒருவர் தட்டை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள்.
நான் எந்தக் கட்சியும் இல்லை.
இரண்டு நாள் முட்டைக்கோஸ் சூப் மட்டும் குடித்தேன்.
மூன்றாம் நாள் என் கோபம்
எனக்கே பிடிக்கவில்லை.

வண்டியோட்டி செவெரின் மட்டும்
முறை எதுவும் சொல்லவில்லை.
காசு போட்டார்,
வாராவாரம் ஏறினார், இறங்கினார்.
ஏழாம் திங்கள் பார்த்தால்
ஒன்பது கிலோ குறைவு.
அழித்துவிட்டு மறுபடி நிறுத்தேன்.
ஒன்பது.

கைதட்டினோம்.
"ரகசியத்தை அவிழுங்கள்" என்றான் கிராத்சியான்,
"கொழுப்பா, கணக்கா, கடிகாரமா?"
செவெரின் தொப்பியைக் கழற்றினார்,
அதற்குள் ஏதோ தேடுவதுபோல் பார்த்தார்.
"இரேனா நவம்பரில் பேர்கன் போய்விட்டாள்,
முதியோர் இல்லத்தில் வேலை.
ஒருத்தனுக்கு எவ்வளவு உப்பு என்று
எனக்குப் பிடிபடவில்லை.
சமைக்கிறேன். கொட்டிவிடுகிறேன்."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
யகோதா தன் நோட்டை மூடினாள்.

மூன்றாம் நாள் கொழுப்பு வியாழன்.
ஊரே வரிசையில் நின்று
ரோஜா ஜாம் அடைத்த போன்ச்கி வாங்கும் நாள்.
நாலாயிரம் பொரித்தோம்.
யகோதா ஒன்றை நிறுத்தாள், எழுதினாள்,
கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.
போகுமில் கையில் பிடித்தபடி
கடிகாரத்தோடு பேரம் பேசினார்.
கிராத்சியான் ஜாமை மட்டும் நக்கினான்,
பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து,
மிச்சத்தையும்.

வண்டி கிளம்பும்போது
செவெரினுக்குக் காகிதத்தில் இரண்டு கட்டிக் கொடுத்தேன்.
ஒன்று போதும் என்றார்.
இங்கே ஒற்றையாய்ப் பொரிப்பதில்லை என்றேன்.

ஈஸ்ட் டப்பா இன்னும் அலமாரியில்தான்.
ஜெயித்தவர் கேட்கவில்லை,
தோற்றவர்கள் கொடுக்கத் துணியவில்லை.
அடுத்த திங்கள் தராசு
அவருக்கு அரைக் கிலோ கூட்டிக் காட்டியது.
எல்லார் எடையும் பென்சிலில்தான் எழுதுவேன்.
அந்த அரைக் கிலோவை மட்டும்
பேனாவால் எழுதினேன்.